வந்தேண்டி

அந்த வீட்டில் குடியிருந்தபோது, என் செருப்பை நான் கழற்றிப் போட்ட இடத்தில் திரும்பப் பார்த்ததே கிடையாது. காலையில் எழுந்து வந்தால் வாசற்படிக்கு இடது பக்கம், சுவரோரமாக, முனை தெருவைப் பார்த்தபடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். ஆரம்பத்தில் இது டீச்சருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, மரியாதையும் இல்லை மண்ணும் இல்லை, வாசலுக்கு நேராகச் செருப்பு கிடந்தால் வருகிறவர் கால் இடறும் என்பதுதான் காரணம். வருகிறவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்கார அக்கா தயங்காமல் சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் நடுவில் உறுவையாறு ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை போட்டார்கள். தனியாக வந்து நிற்கிற கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு கொடுக்க ஊரில் யோசித்தார்கள். சொல்தா வீட்டில் கேட்டுப் பாரம்மா என்று தலைமையாசிரியர்தான் வழிகாட்டினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் புதுச்சேரிப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுச் சொல்தா போய்ப் பல வருஷமாகியிருந்தது. அவர் மனைவி மட்டும் இருந்தார். ஊருக்கு அவர் சொல்தா வூட்டம்மா, எனக்கு அக்கா. அவருக்கு அப்போது நாற்பது இருக்கலாம்.

பக்கவாட்டு அறையை எனக்குத் திறந்துவிட்டு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"இன்னா வேணா பண்ணு டீச்சர். எத எட்த்தாலும் எட்த்த எடத்துல வெச்சுடு."

டீச்சர் என்று கூப்பிடுவதில் இருக்கிற மரியாதை, பக்கத்தில் வருகிற வினைச்சொல்லில் இருக்காது. கடைசிவரை என்னை அப்படித்தான் நடத்தினார். எனக்கும் அது பிடித்திருந்தது.

நிபந்தனைதான் பிடிக்கவில்லை. நான் பையை ஒரு பக்கமும் புடவையை ஒரு பக்கமும் வீசுகிற ரகம். என் அம்மா என்னைப் புயல் என்றுதான் சொல்வாள். அக்கா வீட்டில் உப்புச் சாடியைத் திருப்பி வைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். காபிக்குச் சர்க்கரை எடுத்துவிட்டு டப்பாவை ஒரு விரற்கடை தள்ளி வைத்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "சக்கர எட்த்தியா டீச்சர்" என்பார். திருட்டுப் பிடிபட்ட மாதிரி இருக்கும். சண்டை போட்டிருக்கிறேன். நான் வாடகை கொடுக்கிறவளா, மியூசியத்தில் காவல் இருக்கிறவளா என்று கேட்டிருக்கிறேன். மியூசியம் என்றால் என்ன என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

கிணற்றடி வேப்பமரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. கடைசியாக லீவில் வந்த அக்காவின் கணவர், திரும்பிப் போகிற அன்று வில்லியனூர் வரைக்கும் ஒரு நடை போய்வந்து அங்கே சாய்த்துவிட்டுப் போனாராம். இரண்டு டயரும் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தன. கோவைக்கொடி ஏறி ஹேண்டில்பாரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கொடியை அறுத்தெறிவார், சைக்கிளைத் தொடமாட்டார். உள்ளே கொண்டுவந்து வைத்தால் துருவாவது பிடிக்காதே என்று ஒருமுறை சொன்னேன். அவர் அங்கேதானே விட்டார் என்று பதில் வந்தது.

அந்த ஐப்பசியில் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. நடுக்கூடத்தில் ஓடு விலகி, கணவருடைய தகரப் பெட்டியின் மேல் நேராகச் சொட்டியது. வேறு யாராக இருந்தாலும் பெட்டியை இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அக்கா தன் பாயை மடித்துப் பெட்டிமேல் போட்டு, அதன்மேல் அண்டாவை வைத்து, சுவரில் சாய்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பெட்டிக்குக் காலா முளைத்திருக்கிறது, தள்ளி வைத்தால் ஓடிப்போய்விடுமா என்று கத்தினேன். அவர் சிரித்தார். விடிந்து பார்த்தால் அண்டா நிரம்பியிருந்தது, அவருக்குக் காய்ச்சல்.

கஞ்சி வைத்துக் கொடுத்தபோதுதான் அவராகவே பேசினார். பிரான்சில் ஒரு லாரி கவிழ்ந்து கணவர் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. உடல் வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். பிறந்த ஊரிலிருந்து அக்காவின் அண்ணன் வந்து, எங்களோடு வந்து இருந்துவிடு என்று கூப்பிட்டார். இவர் போகவில்லை. சொல்தா மனைவி என்று பென்ஷன் வந்தது. கைரேகை வைத்து வாங்கினார். ஆனால் நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பென்ஷன் வாங்கும்போது செத்தவன், பொட்டு வைக்கும்போது மட்டும் உயிரோடு இருக்கிறானா என்று குழாயடியில் இவர் காதுபடவே கேட்டார்கள். அது என் காதிலேயே விழுந்திருக்கிறது. இவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்.

"எனுக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல டீச்சர்," என்றார் கஞ்சியைக் குடித்துக்கொண்டே. "செத்துட்டாருன்றாங்க. சரி. ஆனா நான் பாக்கலியே. பாக்காம வூட்ட மாத்தி வெச்சுட்டு, ஒருவேள வந்தாருன்னா? இது யார் வூடுன்னு தடுமாறி நிக்க மாட்டாரு?"

நான்காம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு சர்க்கரை டப்பாவைச் சரியாக வைக்க ஆரம்பித்தேன்.

கணவருடைய குரலைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வார். அடித்தொண்டைக் குரலாம். வெளியே போய்விட்டு வந்தால், தெருமுனையில் திரும்பும்போதே "வந்தேண்டி" என்று ஒரு சத்தம் கொடுப்பாராம். பசி தாங்காத மனுஷர். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்பிலிருந்து பானையை இறக்க வேண்டும், கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் சோறு போட்டாக வேண்டும். கல்யாணமாகிச் சேர்ந்து இருந்த நாட்களைவிட அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்த நாட்கள்தான் அதிகம் என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கூடத்தின் மூலையில் ஒரு முக்காலி, அதன்மேல் பூப்போட்ட துணி மூடிய ரெக்கார்ட் பிளேயர். எதிரே அவர் கொண்டுவந்த ஒரு மடக்கு நாற்காலி. சிவப்பு சிமெண்ட் தரையில் அந்த நாற்காலியின் நான்கு காலும் பதிந்து வெளுத்த தடம் இருந்தது. நான் எப்போதாவது அதில் உட்கார்ந்து எழுந்தால், அக்கா குனிந்து பார்த்துக் கால்களைத் தடத்தின்மேல் பொருத்துவார்.

பிளேயரையும் கடைசி லீவில்தான் அவர் கொண்டுவந்திருக்கிறார். கூடவே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பெரிய இசைத்தட்டு. பிளேயரின் ஓரத்தில் வேகத்தை மாற்றுகிற ஒரு சின்னக் குச்சி உண்டு. அதைச் சரியாக வைத்திருக்கிறேன், நீ தொடாதே, முள்ளை மட்டும் எடுத்து வை, அதுவாகப் பாடும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் கப்பலேறினார். அவர் இறந்த தகவலுக்குப் பின்னால் தகரப் பெட்டி வந்தது. லீவில் வரும்போது அவர் பெட்டி வைக்கிற இடத்திலேயே அக்கா அதை வைத்தாராம். அதைக் கொண்டுவந்தவர் அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒரு பாகூர்க்காரர். பெட்டியோடு ஒரு சின்ன இசைத்தட்டையும் தனியாக எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

உறையில் நான்கு வெள்ளைக்காரப் பையன்கள், நெற்றியில் முடி விழ, கிதாரும் கொட்டுமாக நின்றார்கள். ராக் பாட்டுப் பாடுகிறவர்கள். இவர்கள்தான் அவனுக்கு உயிர் என்றாராம் பாகூர்க்காரர். லீவு கிடைத்தால் இவர்கள் எந்த ஊரில் பாடினாலும் இரண்டு பேரும் ரயிலேறிவிடுவார்களாம். இந்தத் தட்டு ஸ்டூடியோவில் எடுத்தது இல்லை, ஒரு கச்சேரியில் அப்படியே பதிவு செய்தது. அந்தக் கச்சேரிக்கு நாங்களும் போயிருந்தோம், அவன் போட்ட சத்தமும் இதற்குள் இருக்கிறது தங்கச்சி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாராம்.

அவர் வாசலோடு போனார். அதற்கப்புறமும் எப்போதாவது வருவார், வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார். தனியாக இருக்கிற பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஆம்பளை பாட்டுக் கேட்டுவிட்டுப் போக முடியுமா? குழாயடி பிய்த்துவிடும். அதனால் அக்கா வீட்டில் அந்தத் தட்டு எப்படிப் பாடியது என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சமையல் முடித்து, குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு அக்கா பாட்டு வைப்பார். முதல்முறை என் அறையிலிருந்து கேட்டபோது கோயில் பூசையோ, சாவு ஜெபமோ என்று நினைத்தேன். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி மெதுவாகக் கொட்டு விழும். ஒரு கனத்த குரல் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து வைக்கும். இது என்ன அக்கா, ஒப்பாரியா என்று கேட்டேன். "ராக்கு" என்றார் பெருமையாக. ராக் என்றால் வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் அழுவார்கள் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். சினிமாப் பாட்டைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அக்காவுக்கு ஒரு எழுத்து பிரெஞ்சு தெரியாது. ஆனால் நான்கு பாட்டும் தலைகீழ்ப் பாடம். மிளகாய் இடிக்கும்போது உலக்கைக்குத் தக்கபடி அதைத்தான் முனகுவார். நான்கு பையன்களுக்கும் அவராகப் பெயர் வைத்திருந்தார். ஒருவன் முட்டக்கண்ணன், ஒருவன் ஒல்லி, பாடுகிறவன் பெரியவன், கொட்டடிக்கிறவன் சின்னவன். இன்றைக்குப் பெரியவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பார், தட்டில் தூசி படிந்து கரகரத்தால். பக்கத்து வீட்டுப் பெண்கள் சினிமா நடிகர்களைப் பற்றிப் பேசும்போது இவர் முட்டக்கண்ணனைப் பற்றிப் பேசுவார். அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அந்த நான்கு பேரால்தான்.

முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் நடுவில் கைதட்டல் வரும். ஓட்டுமேல் மழை விழுகிற மாதிரி அது தேய்ந்துகொண்டே போகும்போது அக்கா ஒரு விரலைத் தூக்குவார். இதோ என்பார். எனக்கு இரைச்சல்தான் கேட்கும். பல வாரம் அப்படித்தான். அவர் மனசு நோகக் கூடாதென்று கேட்டதாகத் தலையாட்டி வைப்பேன். ஒரு ஞாயிறு எனக்கும் கேட்டது. இரைச்சலுக்கு நடுவிலிருந்து, கூட்டத்தில் ஒற்றை ஆள், அடித்தொண்டையில் இழுத்துக் கூப்பிட்டான். வாஆந்... தே... டீ. அக்கா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"கேட்டியா டீச்சர்? வந்தேண்டின்றாரு."

நான் படித்தவள், பேய் பிசாசு நம்பாதவள். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அது வேறு மாதிரி கேட்டதே இல்லை.

ஒரு போகிக்கு வீடு கழுவும்போது பிளேயரைத் துடைக்கப் போய், அந்தக் குச்சியில் துணி பட்டுவிட்டது. சமையல்கட்டிலிருந்து அக்கா ஓடிவந்த வேகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்துவிட்டது. குச்சியைத் தொட்டியா, நகர்த்தினாயா என்று கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார். அது இறுகிப்போயிருந்தது, நகரவில்லை. இருந்தாலும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் பாகூர்க்காரர் வந்து வாசலில் நின்றுகொண்டு, அந்தக் குழு புதுச்சேரிக்கு வருகிறது என்றார். பிரெஞ்சுக்காரர்களின் விழா ஒன்றுக்கு வரவழைக்கிறார்கள், பென்ஷன் குடும்பங்களுக்கு நாற்காலி உண்டு, நான் பேசி வைத்திருக்கிறேன் என்றார். அவருக்குத் தலை நரைத்துத் தொப்பை விழுந்திருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகமாக இருந்தது.

"பசங்களுக்கு வயசாயிடுச்சி. ஆனா அதே பசங்கதான் தங்கச்சி. நம்மாளு உசுர வுட்டான் பாரு, அதே பசங்க."

அக்கா கேட்டுவிட்டு உள்ளே போனார். வில்லியனூர்த் தேருக்கு வரமாட்டார், வீராம்பட்டினம் தேருக்கு ஊரே வண்டி கட்டிப் போகும்போதும் வீட்டைவிட்டு நகரமாட்டார். இதற்கும் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு மாலை என்னிடம் வந்து, நீ கூட வருகிறாயா டீச்சர் என்று கேட்டார்.

கச்சேரி அன்று மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்து, அவர் கடைசி லீவில் எடுத்துக்கொடுத்த நீலப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். அந்துருண்டை வாசனை கூடம் முழுக்க அடித்தது. கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

"அந்தப் பசங்க பாட்டுன்னா அவுரு எங்க இருந்தாலும் வருவாருல்ல டீச்சர்?"

இத்தனை வருஷமாக வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே காத்திருந்தவர், இப்போது வெளியே போய்த் தேடப் போகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. போக வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. அடுப்படியில் பானை பெரிதாக இருக்கிறதே என்று பார்த்தேன். மூன்று பேருக்கு வடித்து வைத்திருக்கிறேன், வந்தால் பசியோடு வருவார் என்றார்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். வெயில் தாழவில்லை. மரப்பலகையில் மேடை போட்டிருந்தார்கள். முன்னால் நாற்காலிகளில் கோட்டுப் போட்ட பழைய சொல்தாக்களும் பட்டுப்புடவைகளும். பின்னால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் பெண்களும், ஊரிலிருந்த வெள்ளைக்காரர்களும் நின்றார்கள். எங்களுக்கு நடுவரிசையில் இடம் கிடைத்தது. அக்கா மேடையைப் பார்க்கவில்லை. வருகிற ஒவ்வொரு ஆளையும் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு மேடை ஏறியது. பெரியவனுக்கு முன்மண்டை வழுக்கை. முட்டக்கண்ணன் மட்டும் கண்ணால் அடையாளம் தெரிந்தான். மற்ற இரண்டு பேரும் புது ஆட்கள். உடனே கொட்டு விழுந்தது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பாட்டு ஓட்டமாக ஓடியது. பெரியவன் குரல் மெல்லிசாக, உச்சத்தில், துள்ளித் துள்ளிப் போயிற்று. பின்னால் இருந்தவர்கள் ஆடத் தொடங்கினார்கள். பாகூர்க்காரர் எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தொப்பை குலுங்க ஆடினார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கே கால் தாளம் போட்டது என்பதை மறைப்பானேன்.

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணே, இது யார் பாட்டு என்று கேட்டார். உன் பிளேட்டில் முதல் பாட்டு இதுதானே தங்கச்சி என்றார் அவர். இல்லை, அது மெதுவாக வரும், குரல் வேறு, அது அடித்தொண்டை என்றார் அக்கா. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"சின்ன பிளேட்ட நாப்பத்தஞ்சுல வெக்கணும் தங்கச்சி. நீ பெரிய பிளேட்டுக்கு வெச்ச முப்பத்திமூணுலயே வுட்டுட்ட போல. அப்பிடி வெச்சா ஆளே மாறிப்பூடும், எரும கத்துற மாதிரி இருக்கும்."

அக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அதற்குள் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. அது தேய்ந்துகொண்டே வந்தபோது பழக்கத்தில் அக்காவின் விரல் தானாக உயர்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், தெளிவாக, பலமாகக் கூப்பிட்டது.

வந்தேண்டி.

எனக்கும் அப்படியேதான் கேட்டது. அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. திரும்பி நின்று, முன்னால் இருந்தவர்களைக் கையால் விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகத்தை, அந்த ஒரு நிமிஷத்து முகத்தை, நான் எப்படிச் சொல்ல? கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு முகம் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த குரல் வலது பக்கத்திலிருந்து வந்தது. அதே சொல். அப்புறம் மதில்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள். அப்புறம் பெண்கள். வாந்த்ரதி, வாந்த்ரதி என்று மைதானமே கத்த ஆரம்பித்தது. பாகூர்க்காரரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்று கேட்டேன். அவர் என்னிடம் சொல்லாமல், சந்தோஷத்தில் அக்கா பக்கம் குனிந்து சொன்னார்.

"வாந்த்ரதின்னா வெள்ளிக்கெழம. அவங்க பேர்போன பாட்டு அது, அத்தப் பாடச் சொல்லிக் கத்துறாங்க. அப்பவும் இப்பிடித்தான் தங்கச்சி. நம்மாளு இதத்தான் கத்துவான், பக்கத்துல நிக்கிறவன் காது கிழிஞ்சிபூடும்."

"வெள்ளிக்கெழமயா?" என்றார் அக்கா.

"ஆமா தங்கச்சி. வெள்ளிக்கெழம."

பெரியவன் கையைத் தூக்கிச் சிரித்துவிட்டு அந்தப் பாட்டைத் தொடங்கினான். மைதானமே கூடப் பாடியது. அக்கா மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி அந்தப் பாட்டு முடிகிறவரை நின்றார். ஆனால் இப்போது எந்த முகத்தையும் தேடவில்லை. முடிந்ததும், போகலாம் டீச்சர் என்றார். பாகூர்க்காரர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவம், அவருக்கு அது வாழ்நாளில் திரும்பக் கிடைக்காத நாள்.

வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டார், தானும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிறு கதவைச் சாத்தவில்லை. நானும் போய் நின்றேன். குனிந்து அந்தக் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளினார். வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது நகர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். டக்கென்று நகர்ந்தது. முள்ளை வைத்தார். மைதானத்தில் கேட்ட அதே துள்ளல் கூடத்தில் நிறைந்தது. பாட்டு முடிந்தது. கைதட்டல் சடசடவென்று வந்து தேய்ந்தது. அதற்கு நடுவில் ஒரு குரல் வந்தது. மெல்லிசான குரல். வாந்த்ரதி என்று ஒரு சின்னப் பெண், எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வயசுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே கத்தினாள்.

அக்கா முள்ளைத் தூக்கினார்.

"பொண்ணு கொரலு டீச்சர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பழையபடி குச்சியைத் தள்ளி வைத்துவிடு அக்கா, முன்னே மாதிரியே கேட்கும் என்றேன். சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதான் கேட்டாச்சே," என்றார்.

மறுநாள் அவர் நெற்றியில் பொட்டு இல்லை. குழாயடியில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி என்ன பேச்சு? அந்த வாரமே பழைய இரும்பு எடுக்கிறவனைக் கூப்பிட்டு சைக்கிளைத் தூக்கச் சொன்னார். டயர் மண்ணைவிட்டு வர மறுத்தது, அவன் உதைத்து எடுத்தான். வேப்பமரத்துப் பட்டையில் ஹேண்டில்பார் பதிந்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. தகரப் பெட்டி சமையல்கட்டுக்குப் போய் மிளகாய் மூட்டை வைக்கிற மேடையாயிற்று. மிளகாய் இடிக்கும்போது முனகல் இல்லை. முட்டக்கண்ணனைப் பற்றியும் பெரியவனைப் பற்றியும் அவர் அதன்பிறகு பேசவே இல்லை.

ஒருநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தேன், என் செருப்பு நான் விட்ட இடத்திலேயே, வாசலுக்கு நேராக, ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் கிடந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் சண்டை போட்டேன். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நானே எடுத்துச் சுவரோரமாக, முனை தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பிறகு தினமும் வைத்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உப்புச் சாடியை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தும் பார்த்தேன். கை போன இடத்தில் சாடி இல்லையென்றால், இருக்கிற இடத்தில் தேடி எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டும்போது பரண்மேல் இருந்ததை எடுக்க அந்த மடக்கு நாற்காலியை வாங்கிப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் திருப்பித் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பிளேயர்மேல் துணி மூடியிருந்தது. எதிரே தரையில் நான்கு தடமும் வெள்ளையாகத் தெரிந்தன. அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைக் கையில் பிடித்தபடி, இதை எங்கே வைக்கட்டும் அக்கா என்று கேட்டேன்.

அவர் நிமிராமலே சொன்னார்.

"எங்கனா வெய் டீச்சர்."